நீலகிரி ஆறுகளில் பொன் அரிக்கலாமா? மண், நீர், சட்டம் – ஒரு விளக்கம்

தங்கத்தின் விலை ஏற ஏற, ஆற்றோரம் தட்டோடு உட்கார்ந்து மணலை அலசும் வீடியோக்களும் கைப்பேசிகளில் பெருகிவிட்டன. ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ யாரோ ஒருவர் பச்சைத் தட்டைச் சுழற்றுகிறார், கடைசியில் நாலைந்து மஞ்சள் துகள்கள் மின்னுகின்றன. பார்ப்பவர்களில் கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆட்களுக்கு உடனே ஒரு நினைப்பு வரும்: நம்ம ஊர் ஆற்றிலும் பொன் உண்டு என்று தாத்தா சொல்வாரே, நாமும் ஞாயிற்றுக்கிழமை போய் அரித்துப் பார்த்தால் என்ன?

அதே சமயம் தேவாலாப் பக்கம் பழைய சுரங்கத்துக்குள் மண் எடுக்கப் போனவர்கள் பிடிபட்டார்கள், மண் சரிந்து இறந்தார்கள் என்ற செய்திகளும் அவ்வப்போது வருகின்றன. பொழுதுபோக்குக்கு மணல் அலசுவதும் சுரங்கக் குற்றமும் ஒன்றா? எங்கே கோடு? பொன் எப்படி ஆற்றுக்கு வருகிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் இது தெளிவாகும்.

பொன் எங்கிருந்து ஆற்றுக்கு வருகிறது

கூடலூர், தேவாலா, பந்தலூர், சேரம்பாடி வட்டாரத்தின் அடிப்பாறை மிகப் பழையது. அந்தப் பாறையின் பிளவுகளில், ஆழத்திலிருந்து மேலேறிய வெந்நீர்க் கரைசல்கள் இறுகி வெள்ளை நரம்புகளாகப் படிந்திருக்கின்றன. ஊரில் வெங்கச்சங்கல் என்று சொல்லும் குவார்ட்ஸ்தான் அது. சில நரம்புகளில், பைரைட் போன்ற கந்தகத் தாதுக்களோடு சேர்ந்து, தங்கமும் மிக நுண்ணிய துகள்களாக இருக்கிறது.

மழை பாறையை அரிக்கிறது. லேசான மண் கரைந்து ஓடிவிடுகிறது, துருப்பிடிக்காத, கரையாத தங்கம் மிஞ்சி மெல்ல ஓடைக்கு இறங்குகிறது. கூடலூர்ப் பக்கத்து நீர் பாண்டியாறு, புன்னம்புழை வழியாக மேற்கே இறங்கி, நிலம்பூருக்குக் கீழே சாலியாற்றோடு சேர்கிறது. நிலம்பூர்ச் சாலியாற்றிலும் பொன் அரிக்கும் வழக்கம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

'பொன் கொழிக்கும் பூமி' என்கிறோம். கொழித்தல் என்றால் முறத்தில் புடைத்துப் பிரிப்பதும்தான், அலை கரையில் ஒதுக்குவதும்தான். வளம் என்ற பொருள் அதன்மேல் ஏறியது. ஆறு செய்கிற வேலையும் கொழிப்பதுதான். கனமானதை ஓரிடத்தில் விட்டுவிட்டு, லேசானதைத் தள்ளிக்கொண்டு போகிறது.

இங்கே பெரிய அளவில் ஏன் எடுக்கவில்லை?

எடுக்கப் பார்த்தார்கள். குறும்பர்களும் பணியர்களும் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பிருந்தே இந்த ஓடைகளில் பொன் அரித்தவர்கள். அவர்கள் கையில் இருந்தது குழிவான மரத்தட்டு. மலையாளத்தில் மரவி, நம் மரவை என்ற சொல்லின் உறவு. 1875-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங் தென்கிழக்கு வயநாட்டின் (இன்றைய கூடலூர், பந்தலூர் வட்டாரம்) பொன்வயல்களைப் பற்றி அறிக்கை தந்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறைச் செயலராக இருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித் வரவழைக்கப்பட்டார். 1880-இல் வெளியான அவருடைய அறிக்கை நம்பிக்கையைக் கிளப்பியது. லண்டன் பங்குச் சந்தையில் வயநாட்டின் பெயரில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன.

அந்த வேகத்துக்கு இன்னொரு காரணம் காப்பி. இலைத்துரு நோயும் தண்டுத் துளைப்பானும் தோட்டங்களை நாசமாக்கிக்கொண்டிருந்த நேரம் அது. நொடித்துப்போன தோட்டக்காரர்களுக்கு, நிலத்தைத் தங்கக் கம்பெனிக்கு நல்ல விலைக்குத் தள்ளிவிட ஒரு வாய்ப்பு வாய்த்தது. திரட்டிய மூலதனத்தில் பெரும்பங்கு இப்படி நிலம் வாங்கியதிலேயே போய்விட்டது. தேவாலாவிலும் பந்தலூரிலும் கடைகளும் பங்களாக்களும் எழுந்தன, பாறையை இடிக்கும் எந்திரங்கள் மலையேறின. ஆனால் ஒரு டன் பாறைக்குக் கிடைத்த தங்கம் சொன்ன கணக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பத்தாண்டுக்குள் பெரும்பாலான கம்பெனிகள் மூடிவிட்டன. கிழக்கே கோலாரில் மட்டும் வளமான நரம்பு சிக்கியது, 2001 பிப்ரவரி 28 வரை அந்தச் சுரங்கம் ஓடியது.

இன்று வெறும் தட்டோடு கிளம்ப நினைப்பவருக்கும் இந்தக் கதை வேண்டும். பொன் 'இருக்கிறது' என்பது ஒரு செய்தி, 'எடுத்துக் கட்டுப்படியாகிறது' என்பது வேறொரு செய்தி. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் அன்று லட்சக்கணக்கான பவுண்டுகளை இழந்தார்கள்.

அரிப்பு எப்படி வேலை செய்கிறது

முன்பெல்லாம் ரேஷன் அரிசியில் கல் இருக்கும். இரண்டு பாத்திரங்களை வைத்துக்கொண்டு, தண்ணீரோடு அரிசியைச் சாய்த்துச் சாய்த்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அரிப்பார்கள். அரிசி மிதந்து வழியும், கல் அடியில் தங்கும். இதற்கென்றே உள்பக்கம் வரிவரியாகப் பள்ளம் கீறிய அரிக்கஞ்சட்டியும் உண்டு. கல் அந்த வரிகளில் மாட்டிக்கொள்ளும். பொன் அரிக்கும் தட்டின் உள்விளிம்பில் இருக்கும் படிகளும் அதே வேலைக்குத்தான். நம் சமையலறைக்குத் தெரிந்த வித்தை இது.

கணக்கு இப்படி. தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். சாதாரண வெள்ளை மணலான குவார்ட்ஸுக்கு 2.65. காற்றில் ஒப்பிட்டால் தங்கம் சுமார் ஏழு மடங்கு கனம். தண்ணீருக்குள் இரண்டிலிருந்தும் நீரின் அடர்த்தியான 1 கழிந்துவிடும்: 18.3-க்கு 1.65, அதாவது சுமார் பதினோரு மடங்கு. தண்ணீருக்குள் அரிப்பது ஏன் அவ்வளவு எளிது என்பதற்கு விடை இதுதான்.

இடையில் ஒரு கூட்டம் உண்டு. மேக்னடைட் என்ற காந்தக் கல்லின் அடர்த்தி 5.2, இல்மனைட் 4.7, கார்னெட் 4-ஐ ஒட்டி. இவை வெள்ளை மணலைவிட முரட்டுக் கனம், தங்கத்தைவிட லேசு. வெள்ளை மணல் போன பிறகு தட்டின் அடியில் மிஞ்சும் கருமணல் இவைதான். பொன் இருந்தால் கருமணலோடுதான் இருக்கும். ஆனால் கருமணல் இருக்கும் இடத்திலெல்லாம் பொன் இருக்காது.

அரிக்கும் முறை:

1. மண்ணைச் சல்லடையில் சலித்துப் பெரிய கற்களை எடுத்துவிடுவது. களிமண் கட்டிகளைத் தண்ணீரில் நன்றாகப் பிசைந்து கரைப்பது. இந்த இடத்தில்தான் புதியவர்கள் அவசரப்படுவார்கள். கட்டிக்குள் ஒட்டிய துகள் கட்டியோடே வழிந்து போகும்.

2. தட்டு முழுவதும் தண்ணீருக்குள் இருக்க, பக்கவாட்டில் வேகமாகக் குலுக்குவது. மண் தளர்ந்து குழம்புபோல் ஆக வேண்டும். அப்போதுதான் கனமானது கீழே இறங்க வழி கிடைக்கும். பிரிகிற வேலை உண்மையில் நடப்பது இந்தக் குலுக்கலில்.

3. முன்பக்கத்தை லேசாகச் சாய்த்து, அலைபோல் நீரை வரவிட்டு, மேல் மணலை மட்டும் வழியவிடுவது. நாலைந்து முறை வழித்ததும் திரும்பவும் குலுக்குவது.

4. கடைசிக் கருமணல் ஒரு தேக்கரண்டி அளவுக்கு வந்ததும் வேகத்தை நிறுத்திவிட வேண்டும். கொஞ்சம் தண்ணீர் விட்டு, தட்டை மெல்லச் சுழற்றினால் கருமணல் விசிறிபோல் விரியும். அதன் பின்வால் ஓரத்தில் மஞ்சள் தெரிந்தால் தெரியும். காய்ந்த கருமணலாக இருந்தால் காகிதத்தில் சுற்றிய காந்தத்தை மேலே நகர்த்தி மேக்னடைட்டைப் பிரித்துவிடலாம்.

ஆற்றில் எங்கே கனம் தங்கும் என்பதும் இதே விதிதான். நீரின் வேகம் திடீரென்று குறையும் இடங்கள்: வளைவின் உள்பக்கத்து மணல்திட்டு, பெரிய பாறையின் கீழ்நீர்ப் பக்கம், ஓட்டத்துக்குக் குறுக்கே கிடக்கும் அடிப்பாறை வெடிப்பு, கரையோரப் புல்வேர், பாறைப் பாசி. மேல் மணலை எவ்வளவு அலசினாலும் பெரும்பாலும் ஒன்றும் வராது. பெருவெள்ளம் மொத்தப் படுகையையும் புரட்டும்போது கனமான துகள் அடிப்பாறை வரை இறங்கிவிடுகிறது.

மின்னுவது எது

முதல் நாளில் எல்லோரும் பொன் என்று கூவுவது காக்காப்பொன்னைப் பார்த்து. அதாவது மைக்கா. பெயர் வைத்த நம் ஆட்கள் முன்பே அனுபவப்பட்டிருக்கிறார்கள். நிறம் வெளுத்த கருமைக்கா அசல் தங்க நிறத்தில் மின்னும். பிரித்தறிய மூன்று சோதனைகள் போதும்.

நிழல்: துகளை வெயிலிலிருந்து நிழலுக்குக் கொண்டுபோனால் காக்காப்பொன்னின் மினுக்கு பெரும்பாலும் அணைந்துவிடும், தங்கம் அதே மஞ்சளாக இருக்கும். ஊசி: குத்தினால் மைக்கா ஏடு ஏடாக உரியும், பைரைட் பொடியாகும், தங்கம் ஈயம்போல் நசுங்கும். நடத்தை: தட்டில் தண்ணீர் அசைந்ததும் முதலில் ஓடுவது மைக்கா. தங்கம் எல்லாம் நகர்ந்த பிறகும் இருந்த இடத்தில் இருக்கும். ஒருமுறை உண்மையான துகளைப் பார்த்துவிட்டால், அப்புறம் சந்தேகமே வராது.

எவ்வளவு தேறும்?

அரை மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம், பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம் உள்ள ஒரு துகளை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கொள்ளளவு 0.025 கன மில்லிமீட்டர், எடை அரை மில்லிகிராமுக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு கிராமுக்கு இப்படி இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும். எட்டு கிராம் கொண்ட ஒரு சவரனுக்குப் பதினாறாயிரத்துக்கு மேல். இந்த மலையின் பொன் பெரும்பாலும் இதைவிடவும் பொடி. நாளெல்லாம் இடுப்பளவு குளிர்ந்த நீரில் நின்றவர்களின் உழைப்பை நினைத்துப் பார்த்தால், பணத்துக்காக இதில் இறங்குவது வேண்டாம் என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும்.

சட்டம் என்ன சொல்கிறது

வீடியோவில் பார்த்த நாடுகளில் விதி வேறு. விக்டோரியாவில் சிறு கட்டணம் செலுத்தி ஓர் அனுமதிச் சீட்டு வாங்கினால் கைக்கருவிகளால் பொன் தேடலாம். நியூசிலாந்தில் பொதுமக்கள் அரிப்பதற்கென்றே சில ஆற்றுப் பகுதிகளை ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தியாவில் அப்படியொரு ஏற்பாடு கிடையாது. இங்கே விஷயம் நான்கு அடுக்காக இருக்கிறது.

1. சுரங்கச் சட்டம். 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின் 4-ஆவது பிரிவு, உரிமமோ குத்தகையோ இல்லாமல் கனிமத்தைத் தேடவோ எடுக்கவோ கூடாது என்கிறது. ஒரு கனிமத்தைப் பெறும் நோக்கத்தில் செய்யும் எந்த வேலையும் அந்தச் சட்டத்தின் பார்வையில் சுரங்க வேலை. எந்திரம் வைத்தால்தான் குற்றம், தட்டு வைத்தால் இல்லை என்ற பிரிவினை அதில் இல்லை. பொழுதுபோக்கு என்ற சொல்லும் இல்லை. 21-ஆவது பிரிவின்படி தண்டனை ஐந்தாண்டு வரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். 2023 திருத்தத்தில் தங்கம் உள்ளிட்ட கனிமங்களுக்குத் தேடல் உரிமம் என்று புதிதாக வந்தது. அது ஏலத்தில் எடுக்கும் நிறுவனங்களுக்கானது, ஞாயிற்றுக்கிழமை ஆர்வலருக்கானது இல்லை.

2. காடு. நம் ஓடைகளின் தலைப்பகுதி பெரும்பாலும் காப்புக்காட்டில் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி அங்கே அனுமதியின்றி நுழைவதே தவறு, மண் தோண்டுவது அதற்கு மேல். முதுமலை புலிகள் காப்பகமாக இருந்தால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

3. ஆற்றுப் புறம்போக்கு. காட்டுக்கு வெளியே ஓடும் ஆற்றின் படுகை அரசு நிலம். அங்கிருந்து மணல் எடுக்கவே அனுமதி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மணலோடு பொன் சேர்ந்தால் விதி தளர்வதில்லை.

4. சொந்த நிலம். இங்கேதான் நிறைய வாதம் நடக்கும். தென்கிழக்கு வயநாடு 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது. நீலகிரியோடு சேர்த்த பிறகும் ஜென்ம உரிமை என்ற மலபாரின் பரம்பரை நில உடைமை முறை தொடர்ந்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம், மலபார் ஜென்ம நில உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், நிலத்தடிக் கனிமத்தின் உடைமை நில உடைமையோடு சேர்ந்தது என்று சொன்னது. இதைப் பிடித்துக்கொண்டு 'என் நிலத்து ஓடையில் நான் அரிக்கலாம்' என்று வாதிடுபவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, கூடலூர் ஜென்ம நிலங்கள் 1969-ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டத்தில் அரசிடம் போயின. அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் வரும் குத்தகைத் தோட்ட நிலங்களின் சிக்கல், ஊரில் சொல்லும் 'செக்‌ஷன் 17' சிக்கல், இன்றும் ஓயவில்லை. இரண்டு, கனிமம் யாருடையது என்பது ஒரு கேள்வி, அதை எடுக்க உரிமம் வேண்டுமா என்பது வேறு கேள்வி. உடைமை உங்களுடையதாகவே இருந்தாலும் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் உரிமம் மாறாது.

புதையல் சட்டத்தையும் சிலர் இதோடு குழப்புகிறார்கள். 1878-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், மனிதர்கள் முன்பு புதைத்துவைத்த பொருளுக்கானது. ஆறு கொழித்த துகள் புதையலில் சேராது.

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. தலைமுறை தலைமுறையாக இந்த ஓடைகளில் அரித்த பழங்குடிகளுக்கும் தனி வழி இல்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேன், மெழுகு, மூங்கில் போன்ற சிறு வனப் பொருள்களில் உரிமை தந்தது. கனிமம் அந்தப் பட்டியலில் வரவில்லை. அவர்களின் மரவை வித்தையை அருங்காட்சியகப் பொருளாக மட்டும் வைத்துப் பார்ப்பதைவிட, குறைந்தபட்சம் எந்திரம் இல்லாத வழக்க அரிப்பு என்று அதற்கு ஒரு தனி இடம் சட்டத்தில் தேவை என்பது என் கருத்து.

ஆபத்து எங்கே இருக்கிறது

பழைய சுரங்கங்களை முதலில் சொல்ல வேண்டும். நூற்றி நாற்பது ஆண்டுகளுக்கு முன் குடைந்த பொந்துகள், முட்டுக்கொடுத்த மரம் மக்கிப்போனவை. வயநாட்டு மழையில் ஊறிய மேற்கூரை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. காற்றோட்டமில்லாத உள்ளறைகளில் உயிர்க்காற்று குறைந்திருக்கும், அது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. அங்கே நுழைபவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது நியாயமில்லை. தோட்டக்கூலி போதாத வீடுகளிலிருந்தும் போகிறார்கள். ஆனால் பார்க்கலாமே என்ற ஆர்வத்தில் யாரும் உள்ளே தலையை நீட்டக் கூடாது.

அடுத்தது பாதரசம். பொடித் தங்கத்தைக் கருமணலிலிருந்து பிரிக்கப் பாதரசம் விட்டுப் பிசைந்தால் அது தங்கத்தைப் பற்றிக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் 357 டிகிரியில் பாதரசம் ஆவியாகும், தங்கம் மிஞ்சும். அந்த ஆவி சுடுபவரின் நுரையீரலுக்குள் போகிறது. சிந்தியது ஓடைக்குப் போய், சேற்று நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, மீனில் சேர்ந்து, கீழே உள்ள ஊர்க்காரரின் தட்டுக்கு வருகிறது. பழனி மலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொடைக்கானலில் 2001-இல் மூடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசத்தைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. யாராவது 'கொஞ்சம் பாதரசம் விட்டால் ஈசி' என்று சொல்லிக்கொடுத்தால், அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுவது நல்லது.

ஆறும் தனி ஆபத்து. மேலே மலையில் பெய்தது கீழே தெரியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. ஓடைக்கரையில் குனிந்து உட்கார்ந்திருப்பவருக்கு நீரின் சத்தத்தில் யானை வருவதும் கேட்காது.

அப்படியானால் எப்படித் தொடங்குவது?

வீட்டு முற்றத்தில் தொடங்கலாம். வித்தை கைக்கு வர ஆறு தேவையில்லை.

1. அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, தண்ணீர் பாதி. தட்டுக்குச் சரிந்த ஓரமுள்ள எந்தப் பாத்திரமும் போதும். அரிக்கஞ்சட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. எண்ணெய்ப் பசை இருந்தால் பொடித்துகள் மிதந்து போய்விடும், அதனால் சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

2. வீடு கட்ட வாங்கி மிஞ்சிய மணலில் இரண்டு கை. அதில் பித்தளைப் பட்டறையிலிருந்து வாங்கிய அரத்தூள் சரியாகப் பத்துத் துகள் எண்ணிப் போட வேண்டும். பித்தளையின் அடர்த்தி 8.5-ஐ ஒட்டி. தங்கத்தைவிட லேசு என்பதால் இதைத் தப்பவிடாமல் பிடிக்கும் கை, தங்கத்தையும் விடாது.

3. அரித்து முடித்ததும் எத்தனை மிஞ்சியது என்று எண்ணுவது. முதல் நாள் நாலோ ஐந்தோ வரும். எங்கே தப்பியது என்று தெரிய, வழிந்த மணலைத் தொட்டியிலிருந்து எடுத்துத் திரும்ப அரித்துப் பார்க்கலாம். பெரும்பாலும் குலுக்கல் குறைவாக இருந்திருக்கும், அல்லது சாய்ப்பு அதிகமாகியிருக்கும்.

4. பத்துக்குப் பத்து தொடர்ந்து வந்தால் துகளைச் சிறிதாக்குவது.

அசல் தங்கத்தையே தட்டில் பார்க்க வேண்டும் என்றால் மலையிறங்கிக் கோவைக்குப் போகலாம். நகைப் பட்டறைகள் நெருங்கிய தெருக்களில், விடியும் முன்பே சாக்கடை மண்ணையும் வாசல் புழுதியையும் கூட்டி அள்ளி, தட்டில் அரித்துத் தங்கப்பொடி பிரிப்பதைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். நகை செய்யும்போது உதிர்ந்த தூள் அது. அவர்கள் கையின் குலுக்கலும் சாய்ப்பும் எந்த வீடியோவையும்விட நல்ல பாடம். அனுமதி கேட்டு, வேலைக்குக் குறுக்கே நிற்காமல், அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.